முப்பத்தாறாவது பெயர்

ஆஸ்திரேலியா என்றதும் நமக்கு எது நினைவுக்கு வரும்? கிரிக்கெட். மெல்போர்ன் நகரத்தின் பெரிய மைதானத்தைத் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்பீர்கள். 1992-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது.

ஆனால் அந்த மைதானத்தில் ஆண்டு முழுவதும் கிரிக்கெட் ஆடுவதில்லை. அந்த நாட்டில் டிசம்பரும் ஜனவரியும் கோடைக்காலம். கிரிக்கெட் கோடைக்கால ஆட்டம். மார்ச் மாதம் வந்ததும் கிரிக்கெட்டை மூட்டை கட்டிவிடுவார்கள். அப்புறம் செப்டம்பர் வரை வேறு ஒரு ஆட்டம்தான்.

அதன் பெயர் ஆஸ்திரேலியக் கால்பந்து. பெயரில் கால்பந்து இருக்கிறது. ஆனால் நாம் பார்த்த கால்பந்து ஆட்டம் வேறு, இது வேறு.

தேங்காய் போன்ற பந்து

இந்தப் பந்து உருண்டையாக இருக்காது. உரிக்காத தேங்காய் போல நீளமாக இருக்கும். தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. மைதானமும் நீள்வட்டம். ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடுவார்கள்.

பந்தைக் காலால் உதைக்கலாம். கையால் பிடிக்கலாம். பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் 15 மீட்டருக்கு ஒரு முறை பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும். கையால் எறியக் கூடாது. பிறகு எப்படித் தன் ஆளுக்குக் கொடுப்பது? ஒரு கையில் பந்தை வைத்துக்கொள்ள வேண்டும். மறு கையை மடக்கி, பந்தைக் குத்தி அனுப்ப வேண்டும்.

பந்து வைத்திருப்பவரை எதிரணி ஆள் பிடித்து அமுக்கலாம். கபடியில் பாடி வருபவரை அமுக்குவது போல. தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பிடிக்க வேண்டும். கழுத்தைப் பிடித்தால் தவறு.

இனி, புள்ளிக் கணக்கு. மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவில் இருக்கும் இரண்டும் உயரமானவை. அவற்றின் நடுவே பந்தை உதைத்தால் கோல். அதற்கு 6 புள்ளி. நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் 1 புள்ளி. குறி கொஞ்சம் தவறினாலும் ஒரு புள்ளி உண்டு! இந்த ஒரு புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இந்த ஆட்டத்தின் விதிகளை 1859-ஆம் ஆண்டு மெல்போர்னில் எழுதினார்கள். இன்று அந்த நகரத்தில் இதைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. இறுதி ஆட்டத்தை வழக்கமாகச் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை நடத்துவார்கள். ஒரு லட்சம் பேர் நேரில் வந்து பார்ப்பார்கள்.

பெண்களும் இதை நெடுங்காலமாக ஆடி வருகிறார்கள். ஆனால் பெண்களுக்கான தேசியப் போட்டி 2017-ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. விதி எழுதி 158 ஆண்டு கழித்து!

ஆள் எடுப்பது எப்படி?

தேசியப் போட்டியில் ஆடும் குழுக்களுக்கு ஆண்டுதோறும் புதிய ஆட்கள் தேவை. வயதானவர்கள் விலகுவார்கள். சிலருக்குக் கால் ஒடியும், தோள் நழுவும். அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

பணக்காரக் குழு நல்ல பையன்களை எல்லாம் விலைக்கு வாங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் குழுவே ஆண்டுதோறும் ஜெயிக்கும். மற்றக் குழுக்கள் காலப்போக்கில் அழிந்துவிடும். அதனால் 1986-ஆம் ஆண்டு ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். நாம் ஆள் எடுப்பு என்று சொல்லலாம்.

ஆட்டப் பருவம் முடிந்ததும் எல்லாக் குழுக்களும் ஓர் இடத்தில் கூடும். அந்த ஆண்டு கடைசி இடத்துக்கு வந்த குழுவுக்குத்தான் முதல் வாய்ப்பு. நாட்டில் உள்ள இளைஞர்களில் யார் வேண்டும் என்று அது முதலில் சொல்லும். அடுத்து, கடைசிக்கு முந்திய குழு சொல்லும். கோப்பை வென்ற குழு எல்லாருக்கும் பின்னால் நிற்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் இரண்டாம் சுற்று. பிறகு மூன்றாம் சுற்று. இப்படிப் போகும்.

குழுக்களுக்கு இது நியாயமான முறைதான். பையன்களுக்கு? அவர்கள் குழுவைத் தேர்ந்தெடுக்க முடியாது. பெர்த் நகரத்துப் பையனை மெல்போர்ன் குழு கூப்பிட்டால் போக வேண்டும். இரண்டு நகரத்துக்கும் இடையே சுமார் 2,700 கிலோமீட்டர். 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆனாலும் கூப்பிட மாட்டார்களா என்றுதான் ஆயிரக்கணக்கான பையன்கள் காத்திருக்கிறார்கள்.

ஆள் எடுப்புக்கு முன்னால் தேர்வு உண்டு. நம் நாட்டில் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். உயரம் அளப்பார்கள். எடை பார்ப்பார்கள். 20 மீட்டர் தூரத்தை வேகமாக ஓடச் சொல்வார்கள். நொடியை நூறாகப் பிரித்து நேரம் குறிப்பார்கள். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்பிக் குதிக்கிறான் என்று அளப்பார்கள்.

முன்பு இன்னொரு ஓட்டமும் இருந்தது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டிருக்கும். ஒலிபெருக்கியில் 'பீப்' என்று சத்தம் வரும். அடுத்த சத்தம் வருவதற்குள் எதிர்க் கோட்டைத் தொட வேண்டும். சத்தத்தின் இடைவெளி குறைந்துகொண்டே போகும். முடியாதவர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள். கடைசி வரை ஓடுபவனுக்கு மூச்சுப் பிடிப்பு அதிகம் என்று பொருள்.

குழுக்கள் இந்த எண்களை மட்டும் பார்ப்பதில்லை. அவர்களுடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய் ஆட்டங்களையும் பார்க்கிறார்கள். ஆனால் எண்ணுக்கு ஒரு பலம் உண்டு. அதைத் தாளில் எழுதலாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். எழுத முடியாத திறமை அந்தத் தாளில் இடம்பெறாது.

2000: பெயர் வரவில்லை

மெல்போர்ன் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் மூருல்பார்க் என்ற பகுதி இருக்கிறது. சாம் மிட்செல் அங்கே ஆடி வளர்ந்தவர். பிறந்தது 1982 அக்டோபர் 12. பிறகு ஈஸ்டர்ன் ரேஞ்சஸ் என்ற குழுவில் சேர்ந்தார். அது 18 வயதுக்கு உட்பட்டவர்களின் குழு. ஆள் எடுப்புக்கு வரும் பையன்களில் பலர் இப்படிப்பட்ட குழுக்களிலிருந்துதான் வருவார்கள்.

சாம் நன்றாக ஆடினார். பந்து அவர் கையில் அடிக்கடி வந்தது. ஆனால் அவரைப் பற்றி இரண்டு குறைகளைச் சொன்னார்கள். ஒன்று, ஓட்டத்தில் வேகம் போதாது. இரண்டு, உயரம் போதாது.

அவர் உயரம் சுமார் 180 சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய 5 அடி 11 அங்குலம். நமக்கு இது நல்ல உயரம். அந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. அங்கே 6 அடிக்கு மேல் இருப்பது சாதாரணம். ஆறரை அடியைத் தாண்டியவர்களும் உண்டு.

2000-ஆம் ஆண்டு ஆள் எடுப்பு நடந்தது. அப்போது தேசியப் போட்டியில் 16 குழுக்கள் இருந்தன. முதல் பெயராக நிக் ரீவோல்ட் என்ற இளைஞரைச் செயின்ட் கில்டா குழு எடுத்தது. உயரமான, வேகமான ஆட்டக்காரர். அவர் பின்னாளில் பெரிய வீரரும் ஆனார். எனவே எடுத்தவர்களுக்குக் கண் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். ஒரு சுற்று முடிந்தது. இரண்டு முடிந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் பல முறை வாய்ப்பு வந்தது. கடைசிப் பெயரையும் வாசித்து முடித்தார்கள். சாம் மிட்செல் பெயர் வரவில்லை. 16 குழுக்களில் ஒன்றுகூட அவரைக் கேட்கவில்லை.

அந்த வயதில் இது சிறிய அடி இல்லை. கூட ஆடிய பையன்கள் தேசியக் குழுக்களுக்குப் போகிறார்கள். இவர் 18 வயதுக்கு உட்பட்டோர் போட்டியிலும் இனி ஆட முடியாது. வயது தாண்டிவிட்டது. பல பையன்கள் இந்த இடத்தில்தான் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். வேலைக்கோ படிப்புக்கோ போய்விடுகிறார்கள். அதில் தவறும் இல்லை. பிழைப்பைப் பார்க்க வேண்டும் அல்லவா?

தாளில் எழுத முடியாத திறமை

அப்படியானால் சாமிடம் என்னதான் இருந்தது? அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் பந்து அடிக்கடி கூட்டத்துக்குள் சிக்கிக்கொள்ளும். அப்போது நடுவர் பந்தை வாங்கி மேலே போடுவார். மிக உயரமான இருவர் எம்பி அதைத் தட்டுவார்கள். கீழே பத்துப் பேர் முட்டி மோதிக்கொண்டு நிற்பார்கள். அந்த நெரிசலில் கையை விட்டு யாராவது பந்தை எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. அடுத்த நொடியே நான்கு பேர் மேலே விழுவார்கள். அதற்குள் வெளியே காலியாக நிற்கும் தன் ஆளுக்குப் பந்தை அனுப்ப வேண்டும்.

சாம் இதில் கெட்டிக்காரர். பந்து கைக்கு வருவதற்கு முன்பே தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்திருப்பார். சந்தைக்குள் நுழையும் முன்பே எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்தவரைப் போல.

இன்னொன்றும் உண்டு. அவர் இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைப்பார்.

இது ஏன் பெரிய விஷயம்? வலது கால் பழக்கம் உள்ள ஒருவரை நினைத்துப் பாருங்கள். பந்து இடது பக்கம் வந்தால் அவர் உடம்பைத் திருப்பி வலது காலுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு அரை நொடி ஆகும். எதிராளிக்கும் அது தெரியும். "இவன் வலது பக்கம்தான் திரும்புவான்" என்று அங்கே போய் நிற்பான். இரண்டு காலும் பழகியவர் திரும்ப வேண்டியதே இல்லை. எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக் காலால் உதைத்துவிடுவார். எதிராளியால் ஊகிக்க முடியாது. ஓட்டத்தில் மெதுவானவருக்கு அந்த அரை நொடி பெரிய சொத்து.

20 மீட்டர் ஓட்டத்தில் இது தெரியுமா? தெரியாது. அளவு நாடாவிலும் தெரியாது. ஆட்டத்தில்தான் தெரியும். அதுவும் ஓர் ஆட்டத்தைப் பார்த்தால் தற்செயல் என்று தோன்றும். பல ஆட்டம் பார்க்க வேண்டும்.

பாக்ஸ் ஹில்லில் ஓர் ஆண்டு

தேசியப் போட்டிக்குக் கீழே விக்டோரியா மாநிலப் போட்டி இருக்கிறது. மெல்போர்ன் அந்த மாநிலத்தின் தலைநகரம். மாநிலப் போட்டியில் பாக்ஸ் ஹில் என்ற குழு ஆடுகிறது. பாக்ஸ் ஹில் என்பதும் மெல்போர்னின் கிழக்குப் பகுதிதான். 2001-இல் சாம் அங்கே சேர்ந்து ஆடினார்.

இங்கே ஒரு விவரம் முக்கியம். பாக்ஸ் ஹில் குழுவுக்கும் ஹாத்தார்ன் என்ற தேசியக் குழுவுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஹாத்தார்ன் வீரர்களில் அந்த வாரம் தேசிய ஆட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் பாக்ஸ் ஹில்லுக்கு வந்து ஆடுவார்கள். ஆகவே ஹாத்தார்ன் பயிற்சியாளர்களின் கண் எப்போதும் பாக்ஸ் ஹில் மேல் இருக்கும். தங்கள் ஆள் எப்படி ஆடுகிறான் என்று பார்க்க வருவார்கள். பக்கத்தில் ஆடும் சாமும் கண்ணில் படுவார்.

மேலும் இது பையன்களின் போட்டி இல்லை. வயது வந்த ஆண்களின் போட்டி. 25, 30 வயது ஆட்களோடு மோத வேண்டும். நெரிசலில் பந்து எடுப்பவருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேறு இல்லை. சாம் அந்தப் பருவம் முழுவதும் பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு மாநிலக் கோப்பையைப் பாக்ஸ் ஹில் வென்றது.

ஆள் எடுப்பு ஆண்டுக்கு ஒரு முறை வரும். 2000-இல் பெயர் வராதவருக்கு 2001-இல் மீண்டும் வரலாம். இந்த மறு வாய்ப்பு விதியில் இருந்தது. ஆனால் இடையில் ஓர் ஆண்டு இருக்கிறது. அந்த ஆண்டில் எங்கே இருக்கிறோம், யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2001: ஒன்றும் முப்பத்தாறும்

2001 ஆள் எடுப்புக்கு முன்னால் ஹாத்தார்ன் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. டிரென்ட் கிரோட், லூக் மெக்ஃபார்லின் என்ற தன் இரண்டு இளம் வீரர்களை ஃப்ரிமாண்டில் குழுவுக்குக் கொடுத்தது. அதற்குப் பதிலாக ஃப்ரிமாண்டிலின் மூன்று வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. 1-ஆவது, 20-ஆவது, 36-ஆவது வாய்ப்புகள்.

முதல் வாய்ப்புக்காகத்தான் இந்தப் பேரம். அந்த வாய்ப்பில் லூக் ஹாட்ஜ் என்ற இளைஞரை ஹாத்தார்ன் எடுத்தது. நாடே அவரைப் பற்றிப் பேசியது. மற்ற இரண்டும் கொசுறு போல வந்தவை.

36-ஆவது வாய்ப்பு வந்தது. ஹாத்தார்ன் சொன்ன பெயர் சாம் மிட்செல்.

அவருக்கு முன்னால் 35 பெயர்களை வாசித்திருந்தார்கள். அந்த 35 பேரிலும் நல்ல வீரர்கள் இருந்தார்கள். முதல் மூவரான ஹாட்ஜ், லூக் பால், கிறிஸ் ஜட் மூவருமே பின்னாளில் தங்கள் குழுக்களுக்குக் கேப்டன் ஆனார்கள். இந்த ஆள் எடுப்பைப் போல இன்னொன்று வரவில்லை என்று இன்றும் பேசுகிறார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சாமை முந்திய ஆண்டு வேண்டாம் என்று விட்ட 16 குழுக்களில் ஹாத்தார்னும் ஒன்று. அதே குழுதான் ஓர் ஆண்டு பார்த்த பிறகு அவரைக் கூப்பிட்டது.

தேசியக் குழுவில் சேர்ந்ததும் எல்லாம் நேராகிவிடவில்லை. 2002-இல் சில வாரம் ஹாத்தார்னுக்கு ஆடினார். சில வாரம் திரும்பவும் பாக்ஸ் ஹில்லுக்கு அனுப்பினார்கள். மேலே ஒரு வாரம், கீழே ஒரு வாரம். கீழே அனுப்பிய வாரங்களில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. அந்த ஆண்டு மாநிலப் போட்டியின் சிறந்த வீரர் பதக்கம் அவருக்குத்தான் கிடைத்தது. அதன் பெயர் லிஸ்டன் கோப்பை.

அடுத்த ஆண்டு, 2003-இல், தேசியப் போட்டியின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே வந்தது.

2008: ஒரு லட்சம் பேர் முன்னால்

2008-இல் சாம் ஹாத்தார்ன் குழுவின் கேப்டன் ஆனார். அந்த ஆண்டு குழு இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே ஜீலாங் குழு. முந்திய ஆண்டுக் கோப்பை அவர்களிடம்தான் இருந்தது. 2008-இல் இறுதிச் சுற்றுகளுக்கு முன்னால் 22 ஆட்டம் ஆடி ஒன்றில் மட்டுமே தோற்றிருந்தார்கள். ஹாத்தார்ன் ஜெயிக்கும் என்று சொன்னவர்கள் குறைவு.

ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த எண்களைப் பாருங்கள்.

ஹாத்தார்ன்: 18 கோல், 7 ஒற்றைப் புள்ளி.
ஜீலாங்: 11 கோல், 23 ஒற்றைப் புள்ளி.

யார் வென்றார்கள்? கணக்குப் போடுவோம்.

ஹாத்தார்ன்: 18 × 6 = 108. அதோடு 7. மொத்தம் 115.
ஜீலாங்: 11 × 6 = 66. அதோடு 23. மொத்தம் 89.

115-இல் 89 போனால் 26. ஹாத்தார்ன் 26 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

ஜீலாங்கின் பந்து 34 முறை கம்பங்களைத் தாண்டியிருக்கிறது. ஹாத்தார்னுக்கு 25 முறைதான். ஆனாலும் ஜீலாங் தோற்றது. காரணம் அந்த ஒற்றைப் புள்ளி. ஜீலாங் குறி தவறியது ஒரு பக்கம். ஹாத்தார்ன் செய்த தந்திரம் இன்னொரு பக்கம். கோல் விழப்போகிறது என்று தெரிந்தால் ஹாத்தார்ன் வீரர்கள் தாங்களே பந்தைக் கோட்டுக்குப் பின்னால் தட்டிவிட்டார்கள். அப்படிச் செய்தால் எதிரணிக்கு ஒரு புள்ளிதான். ஒரு ரூபாயைக் கொடுத்து ஆறு ரூபாயைக் காப்பாற்றியது போல. அன்றைய விதி இதை அனுமதித்தது. மறு ஆண்டே விதியை மாற்றிவிட்டார்கள். வேண்டுமென்று தட்டிவிட்டால் இப்போது எதிரணிக்கு உதை வாய்ப்புக் கிடைக்கும்.

ஹாத்தார்ன் இதற்கு முன் கோப்பை வென்றது 1991-இல். 17 ஆண்டு கழித்துக் கோப்பை வந்தது. அதை வாங்கிய கேப்டன், எட்டு ஆண்டுக்கு முன் யாரும் கேட்காத பையன். ஆட்டத்தின் சிறந்த வீரர் லூக் ஹாட்ஜ். விலா எலும்பில் அடிபட்டிருந்தும் ஆடினார். ஒன்றாவது பெயரும் முப்பத்தாறாவது பெயரும் ஒரே மேடையில் நின்றன. இன்னொரு வேடிக்கை. பேரத்தில் விட்டுக்கொடுத்த டிரென்ட் கிரோட் இடையில் ஹாத்தார்னுக்கே திரும்பி வந்திருந்தார். அன்றைய அணியில் அவரும் இருந்தார்.

2011-இல் கேப்டன் பொறுப்பு சாமிடமிருந்து ஹாட்ஜுக்குப் போனது. பொறுப்புப் போனால் சிலர் குழுவையே விட்டுப் போவார்கள். சாம் ஹாட்ஜுக்குக் கீழே ஆடினார். 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஹாத்தார்ன் கோப்பை வென்றது. மூன்றிலும் சாம் ஆடினார். ஹாத்தார்னின் ஆண்டுச் சிறந்த வீரர் பதக்கத்தை ஐந்து முறை வாங்கினார்.

நான்கு ஆண்டு தாமதமாக வந்த பதக்கம்

இந்த ஆட்டத்தில் மிக உயர்ந்த தனி விருது பிரவுன்லோ பதக்கம். 1924-இலிருந்து கொடுத்து வருகிறார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மூன்று வீரர்களுக்கு 3, 2, 1 என்று மதிப்பெண் போடுவார்கள். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்ப்பார்கள். தவறாக ஆடித் தடை பெற்றவருக்கு எத்தனை மதிப்பெண் வந்தாலும் பதக்கம் கிடையாது.

2012-இல் எஸெண்டன் குழுவின் ஜோப் வாட்சன் 30 மதிப்பெண் பெற்று முதலில் வந்தார். சாமும் ரிச்மண்ட் குழுவின் டிரென்ட் கோச்சினும் 26 பெற்று இரண்டாவது. பிறகு எஸெண்டன் குழு 2012-இல் வீரர்களுக்குக் கொடுத்த ஊசி மருந்துகள் பற்றிப் பெரிய வழக்கு வந்தது. 2016-இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 34 வீரர்களுக்குத் தடை விதித்தது. வாட்சனும் அவர்களில் ஒருவர். அவர் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2016 டிசம்பரில் அது சாமுக்கும் கோச்சினுக்கும் வந்தது. அப்போது சாமுக்கு வயது 34.

அதற்குள் அவர் ஹாத்தார்னை விட்டு, பெர்த் நகரத்தின் வெஸ்ட் கோஸ்ட் குழுவுக்கு மாறியிருந்தார். அங்கே அவரோடு ஆடியவர் மாட் பிரிடிஸ். அவர் கதையும் ஏறக்குறைய இதுதான். அவரையும் ஓட்டம் போதாது என்று சொல்லி ஆள் எடுப்பில் விட்டுவிட்டார்கள். கடைசியில் வெஸ்ட் கோஸ்ட் அவரைத் துணைப் பட்டியலில் மட்டும் சேர்த்துக்கொண்டது. அதில் இருப்பவர் அழைப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். 2006-இல் மாநிலப் போட்டியில் சுபியாகோ குழுவுக்கு ஆடி, அந்தப் போட்டியின் சிறந்த வீரர் ஆனார். 2014-இல் பிரவுன்லோ பதக்கமும் வாங்கினார். அவர் வாங்கிய மதிப்பெண்ணும் 26தான். சாம், பிரிடிஸ் இருவரும் 2017-இல் ஒன்றாக ஓய்வு பெற்றார்கள். சாம் மொத்தம் 329 தேசிய ஆட்டங்கள் ஆடியிருந்தார்.

எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பெயர் வராத பையன்களில் மிகப் பலர் அடுத்த ஆண்டும் பட்டியலில் வருவதில்லை. அவர்களில் எத்தனை சாம்கள் இருந்தார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. சொந்த ஊர்க் குழுவில் சனிக்கிழமை தோறும் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

சாம் பயிற்சியாளர் வேலைக்கு வந்தார். 2021-இல் பாக்ஸ் ஹில் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். 2022-இல் ஹாத்தார்ன் குழுவின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இப்போது ஆள் எடுப்பு நாளில் அவர் மேசைக்கு அந்தப் பக்கம்.

பயிற்சி

1. ஆள் எடுப்பில் எந்தக் குழுவுக்கு முதல் வாய்ப்பு? ஏன்?

2. இரண்டு காலாலும் உதைக்கத் தெரிந்தவருக்கு என்ன லாபம்? உங்கள் சொற்களில் எழுதுங்கள்.

3. சாமை 2000-இல் விட்டது சரியா, தவறா? வகுப்பில் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசுங்கள். ஆள் எடுத்தவர்கள் பக்கமும் ஒருவர் பேச வேண்டும்.

4. உங்கள் ஊரில் வேலைக்கோ படிப்புக்கோ ஆள் எடுக்கும்போது எதை அளக்கிறார்கள்? எதை அளப்பதில்லை? இரண்டு பட்டியல் எழுதுங்கள்.

5. 2012 இறுதி ஆட்டத்தில் ஹாத்தார்னும் சிட்னியும் மோதின. ஹாத்தார்ன் 11 கோல், 15 ஒற்றைப் புள்ளி. சிட்னி 14 கோல், 7 ஒற்றைப் புள்ளி. கம்பங்களைத் தாண்டிப் பந்தை அதிக முறை அனுப்பியது எந்தக் குழு? வென்றது எந்தக் குழு? எத்தனை புள்ளி வித்தியாசம்?